மெசின் கேட்ட கேள்வி

"உடம்புக்குள் இரும்புத் துண்டு ஏதும் இருக்கா?" என்று கொழும்பில் ஒருவர் என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "இல்லை" என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பழகிய வாய் அது. அது பொய் என்று உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் நீங்கள்தான், மிஸி; எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இன்று காலை அந்தக் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. பழைய ஸ்கேன் படங்களைக் கொண்டுவரும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த பெரிய உறையை இழுத்தெடுத்தேன். வாவிக் காற்றுக்குப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது பூச்சி உருண்டையும் ஆஸ்பத்திரியும் கலந்த ஒரு மணம். ஒரு படத்தை யன்னலுக்கு நேரே பிடித்தேன். என் வலக்கை. சாம்பல் நிற எலும்புகளில் விரலடி மூட்டு மொளிகள் இரண்டு மட்டும், யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல, வெள்ளையாக இருந்தன. படத்தைத் தூக்கிப் பிடித்திருந்ததும் அதே கைதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல்கள் ஐந்தும் நேராக நிற்கின்றன. இதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நாம் பழகத் தொடங்கியது என் காலால். நீங்கள் எங்கள் குருக்கள்மடம் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவ மாது. ஊர் முழுக்க உங்களை "மிஸி" என்றது; நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு பகல், பாடசாலைப் பின்வேலிக்குப் பக்கத்தில் செல் குண்டு ஒன்று விழுந்தது. என் இடக்கால் கெண்டையில் இரத்தம். நகரத்துக்குப் போக வாகனம் இல்லை. பிரசவப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீங்கள்தான் வந்தீர்கள்.

"புள்ளப் பெறாத ஆளுக்கு இந்தப் பையைத் திறக்கிறது இதுதான் முதல் தரம்" என்று சொல்லிக்கொண்டே காயத்தைக் கழுவினீர்கள். ஒரு துண்டு வெளியே வந்தது. மற்றது வரவில்லை.

"ஆழத்தில நிக்குது. கிளறினா நரம்பு போயிரும். கிடக்கட்டும் டீச்சர், சோத்துக்கா அழப்போகுது?"

கட்டுப் போட்டு முடிந்ததும் குரலைத் தாழ்த்தினீர்கள். "ஆரும் கேட்டா சைக்கிள் செயின் கிழிச்ச எண்டு சொல்லுங்க. ஆமிக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான், பொம்பிள பாக்க வாறவனுக்கும் அதுதான்."

அது நல்ல புத்தி. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் உடம்பில் ஒரு தழும்பு இருந்தால், அது எப்படி வந்தது என்று அந்த உடம்புக்காரர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும். கேள்விக்கென்று கூட்டிப் போகப்பட்ட சிலர் திரும்பி வரவில்லை. அதனால் சைக்கிள் செயின் என்றே சொன்னேன். கணவரிடமும் அப்படித்தான். செயினுக்கு மூடி போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமாக என் காலையே வகுப்பில் காட்டியிருக்கிறேன். பொய்யும் பயிற்சிக் கணக்கு மாதிரித்தான். திருப்பித் திருப்பிச் செய்தால் யோசிக்காமலே வந்துவிடும்.

பிறகு சுனாமி நாளில் கடல் ஊருக்குள் வந்தது. கரையோரத்துச் சனமெல்லாம் எங்கள் பாடசாலைக்குள் வந்து சேர்ந்தது. வகுப்பறைகளைப் பங்கிடுவது என் பொறுப்பு. தாய்மாரும் குழந்தைகளும் உங்கள் பொறுப்பு. மூன்றாம் நாள், ஐந்தாம் வகுப்பு அறையில் ஒருத்திக்கு வலி எடுத்தது. பாதை வெட்டுப்பட்டிருந்தது; ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பிள்ளை சுகமாக வந்தது. கொப்பூழ்க்கொடியைக் கட்ட வேண்டும். நூல் உங்கள் விரல்களிலிருந்து இரண்டு தரம் நழுவியது.

உங்கள் கைகளை நான் கவனித்துப் பார்த்தது அப்போதுதான். விரல்களெல்லாம் கடற்கரைத் தென்னைகள்போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"டீச்சர், நீங்க கட்டுங்க."

"எனக்குத் தெரியாது மிஸி."

"சப்பாத்துக் கயிறு கட்டினதில்லையா? அதுதான். இறுக்கி. இன்னும் இறுக்கி. அது அழும். நீங்க அழாதீங்க."

கட்டினேன். இரண்டு உள்ளங்கைகளாலும் கத்தரிக்கோலை அமத்தி நீங்கள் வெட்டினீர்கள். பிறகு கிணற்றடியில் கை கழுவும்போது சொன்னீர்கள்: "இந்த ஊரில பாதிப் பேரப் பிடிச்ச கை. எனக்கு இன்னும் பென்சன் வரல்ல, கை எனக்கு முந்திப் பென்சன் எடுத்திட்டு."

சிரித்தீர்கள். சிரித்த கையோடு மிச்சத்தையும் சொன்னீர்கள். இந்த முடக்குவாதம் தொடங்கிய காலத்தில் இரத்தம் பார்த்தார்களாம், இல்லை என்றார்களாம். எக்ஸ்ரே எடுத்தார்களாம், அதிலும் இல்லை என்றார்களாம். "நானும் இல்லையெண்டு நம்பி வேலைக்குப் போனன். எக்ஸ்ரேயில தெரிஞ்ச நேரம் எலும்பு கரைஞ்சு போயிட்டு."

இதைக் கேட்டிருந்தும் நான் பாடம் படிக்கவில்லை. ஆசிரியர்கள் அப்படித்தான், மற்றவர்களுக்குத்தான் பாடம்.

கடல் வந்து இரண்டு வருடத்தில் சிக்குன்குன்யா வந்தது. எழும்ப முடியாமல் ஊர் ஊராகப் படுக்கவைத்த காய்ச்சல். எனக்கும் வந்தது, போனது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லா வலிக்கும் ஒரே பெயர்தான். முழங்கால் நொந்தால் சிக்குன்குன்யா. முதுகு நொந்தால் சிக்குன்குன்யா. தென்னையால் விழுந்து இடுப்பு நொந்த ஒருவர்கூட அதைத்தான் சொன்னார். யுத்தம் முடியப்போகிற அந்த வருடம், மாசி மாதம், காலையில் சீப்பைப் பிடிக்க முடியாமல் என் விரல்கள் வீங்கியபோது நானும் அதையே சொன்னேன். காய்ச்சல் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று கணிதம் படிப்பித்த எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் பூசினேன். வெந்நீரில் கையை வைத்தேன். வெண்கட்டியை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் முழுக்கையால் பிடித்துக் கரும்பலகையில் எழுதினேன்.

இரத்தம் பார்த்தேன், முடக்குவாதத்துக்கான அறிகுறி இல்லை. எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு சுத்தம். சந்தோசத்தோடு இரண்டு காகிதங்களையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"கையைப் பொத்துங்க பாப்பம்."

பொத்தினேன். விரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை.

"காலைல எத்தின மணிக்கு எழும்புறீங்க?"

"அஞ்சுக்கு."

"கை எத்தின மணிக்கு எழும்புது?"

"ஏழு ஆகும் மிஸி."

"டீச்சர், சிக்குன்குன்யா விருந்தாளி. எத்தின மாசம் நிண்டாலும் போகத்தான் பாக்கும். இது பாயப் போட்டுப் படுக்குது."

"எக்ஸ்ரே சுத்தமா இரிக்கே."

"என்ட எக்ஸ்ரேயும் சுத்தமாத்தான் இரிந்த" என்று சொல்லி உங்கள் கையை என் கைக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தீர்கள். நான் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மூட்டு நோய்க்கென்று ஒரு இளம் பெண் டொக்டர் வந்திருந்தார். நீங்களே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எலும்பின் ஓரம் அரிபட்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். அதற்கு முன்பே மூட்டின் உட்சவ்வு வீங்கிவிடும், எலும்புக்குள் நீர் கட்டிவிடும். அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். நோய் இருந்தால் பலத்த மருந்தை உடனே தொடங்க வேண்டும். காய்ச்சலின் மிச்ச வலிக்கு அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. அதனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும். விரல் சாய்வதற்கு முன் தெரிய வேண்டும்.

எனக்கு உதாரணம் இல்லாமல் ஒன்றும் ஏறாது. கடல் புகுந்த எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வற்றியதும் கழுவி வெள்ளையடித்தோம். சுவர் புதுச் சுவர்போல நின்றது. ஒரு வருடம் கழிந்து பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உப்பு ஈரம் அவ்வளவு நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது. "அப்ப டொக்டர், எக்ஸ்ரே விழுந்த பூச்சைக் காட்டும். இந்த ஸ்கேன் சுவருக்குள்ள நிக்கிற ஈரத்தைக் காட்டும். சரியா?" என்றேன். "இனி எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்லப்போறன் டீச்சர்" என்று சிரித்தார்.

எங்களுக்கு எட்டிய மெசின் அப்போது கொழும்பில் இருந்தது. வைகாசியில் யுத்தம் முடிந்திருந்தது. ஆவணியில் தேதி கிடைத்தது. கணவர் சிறுபோக அறுவடைக்கு வட்டையில் நின்றார்; வயலை விட்டு வரமுடியாது. "நான் வாறன்" என்றீர்கள், படி ஏற முடியாத அந்த முழங்கால்களோடு.

யுத்தம் முடிந்தாலும் சோதனைச் சாவடி முடியவில்லை. பஸ்ஸால் இறங்கி, பையோடு நடந்து, வரிசையில் நின்றோம். உடம்பைத் தடவிப் பார்த்த பெண் சிப்பாய் என் காலைக் காட்டி ஏதோ கேட்டாள். "சைக்கிள்" என்று சொல்லி, கையால் பெடல் மிதித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுப் போகச் சொன்னாள். பஸ் புறப்பட்டதும் நீங்கள் என் காதுக்குள், "நல்லாத்தான் படிப்பிச்சிரிக்கன்" என்றீர்கள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு காயுமுன் நான் ஸ்கேன் அறைக்கு முன்னால் நின்றேன். தோடு, காப்பு எல்லாம் கழற்றியாயிற்று. தாலிக்கொடிக்குப் பதிலாக, வீட்டிலிருந்தே கொண்டுவந்த மஞ்சள் கயிற்றை நீங்கள் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு முடிச்சு வராமல் பக்கத்துக் கதிரைப் பெண் உதவினாள். வேலையில் நின்றவர் நடுத்தர வயதுச் சிங்களவர். பழகிய தமிழில் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினார். நெஞ்சுக்குள் கருவி? இல்லை. ஆபரேஷன் செய்து கம்பி? இல்லை. இரும்புத் துண்டு, செல் துண்டு?

இல்லை.

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்து வைத்தேன். எழும்பி இரண்டு அடி நடந்தேன். பின்னால் கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

"நில்லுங்க! அவ பொய் சொல்றா!"

அங்கிருந்த எல்லோரும் திரும்பினார்கள். "இடக்கால் கெண்டைக்குள்ள இரிக்கு. செல் துண்டு. இருபது வருசமா இரிக்கு."

"மிஸி, வாய மூடுங்க" என்றேன். உங்களை நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தரம்தான். மெசினுக்குள் இருக்கும் காந்தம் அந்தத் துண்டை இழுக்கும் என்று நான் பயப்படவில்லை. அந்தப் படிவம் யார் கைக்குப் போகும் என்றுதான் பயந்தேன். அதற்கு அடுத்தபடி, ஸ்கேன் இல்லை, வீட்டுக்குப் போ என்பார்களோ என்று. கையை நேராக வைத்திருக்க எனக்கிருந்த ஒரே கதவு அது.

நீங்கள் மேசைவரை நடந்து வந்தீர்கள். "பொய்யச் சொல்லிக் குடுத்தவ நான். எழுதுறதெண்டா என்ட பேரை எழுதுங்க."

அவர் பேனையை வைத்தார். உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, இது பொலிஸ் கேக்கிற கேள்வி இல்லை. மெசின் கேக்கிற கேள்வி. மெசினுக்குத் தமிழ், சிங்களம் ஒண்டும் தெரியாது. இரும்பு மட்டும்தான் தெரியும்." பிறகு, படிவத்தில் எழுதியதை வெட்டித் திருத்திக்கொண்டே, "என்ட தம்பி ஆமி. அவனுக்கும் இருக்கு, தோள்ல. அவனும் முதல்ல இல்லை எண்டுதான் சொன்னான்" என்றார்.

முதலில் என் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். படங்களைப் பார்க்கும் டொக்டர் அம்மா வந்து பார்த்தார். துண்டு தசைக்குள், பெரிய இரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் தூரத்தில், தழும்பு மூடிக் கிடக்கிறது, செய்யலாம் என்றார். "கண்ணுக்குப் பக்கத்தில இருந்திருந்தா செய்யவே மாட்டேன். தெரியாம உள்ள விட்டிருந்தா அதுதான் ஆபத்து" என்றார். கால் சுட்டாலோ இழுத்தாலோ அமத்தும்படி ஒரு ரப்பர் பந்தை இடக்கையில் தந்தார். நீங்கள் அந்த எக்ஸ்ரேயை எட்டிப் பார்த்தீர்கள். ஒரு அரிசியளவு வெள்ளைப் புள்ளி.

"அட, இவ்வளவுதானா நீ? உனக்காகவா இத்தின பொய்!"

குப்புறப் படுத்து, நீந்துகிறவள்போல வலக்கையை முன்னால் நீட்டி, உள்ளே போனேன். நெல்லு மில்லும் வள்ளத்து மோட்டாரும் ஒன்றாக ஓடுகிற சத்தம். பதினேழாம் வாய்ப்பாட்டைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். நடுவில் ஒரு ஊசி போட்டார்கள். கால் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை நான் அமத்தவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "செயின் எண்டல்லவா சொன்ன நீ?" என்று அரை நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். அந்தக் கோபம் என்னைவிட உங்களோடுதான் அதிகம்.

மட்டக்களப்பில் டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். சுட்டுவிரல் மொளி, நடுவிரல் மொளி, மணிக்கட்டில் கொஞ்சம். "டீச்சர், நீங்க சொன்ன ஈரம் இதுதான். முடக்குவாதம். ஆனால் எலும்போரம் பாருங்க, ஒரு இடமும் அரிபடவில்லை. தொடக்கத்திலேயே இருக்கிறோம்."

உங்கள் சாய்ந்த கையால் மேசையில் ஓங்கி அடித்தீர்கள். "பிடிச்சிட்டம்!"

டொக்டர் திகைத்துப் போனார். "நோய் இருக்கு எண்டு சொல்றன். நீங்க சந்தோசப்படுறீங்க?"

"வீட்டுக்குள்ள வந்த கள்ளனைத்தான் எனக்குக் காட்டினாங்க டொக்டர். இவக்கு வேலியிலயே பிடிச்சுத் தந்திருக்கீங்க. சந்தோசப்படாம?"

கிழமைக்கு ஒரு தரம் மட்டும் போடும் மாத்திரை. தவறித் தினமும் போட்டால் ஆளையே கொண்டுபோகும் என்று டொக்டர் எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தவர் நீங்கள். ஞாயிறு தவறாமல் வந்து, நான் விழுங்கும்வரை முன்னால் இருந்தவரும் நீங்கள். மாதா மாதம் இரத்தம் பார்த்தோம். மூன்றாம் மாதம் ஒரு காலை, சீப்பை எடுத்துத் தலை சீவி முடித்த பிறகுதான், கை நோகவில்லை என்பதே எனக்கு உறைத்தது. இடையில் இரண்டு தரம் வீங்கியது, மருந்தின் அளவை மாற்றினார்கள், அடங்கியது. விரல்கள் சாயவில்லை.

தாய்மார் கூட்டத்துக்குப் பேச நீங்கள் பாடசாலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கரும்பலகையில் நான் கவராயம் இல்லாமல் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடித்தேன். யன்னலால் உங்கள் குரல்: "முட்ட மாதிரி இரிக்கு டீச்சர்!" வகுப்பே சிரித்தது. அது நல்ல வட்டம், மிஸி. உங்களுக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கத்தினீர்கள்.

கடைசி வருடங்களில் உங்கள் கைகள் முற்றாக மடங்கிவிட்டன. தலை சீவியது நான். சட்டைக் கொளுக்கி பூட்டியது நான். வாவி நண்டை உடைத்து, சதை எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டியதும் நான். "கொழும்புக்குப் போய் எடுத்த கை. நல்லாத்தான் உழைக்குது" என்பீர்கள். ஒரு நாள் மத்தியானம், பயந்து பயந்து, உங்களுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். எனக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லையே என்றேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னீர்கள்:

"இந்த நோய் என்னை வெண்டது. நான் அதை உங்கட கையில வச்சு வெண்டன். பிறகென்ன? நண்டின்ட மத்தக் காலையும் உடைங்க."

நெஞ்சு நின்று நீங்கள் போன அன்று, உங்கள் விரல்களை நேராக்கப் பார்த்தார்கள். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன். அவை வேலை செய்த விதத்திலேயே போகட்டும் என்று நினைத்தேன்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு மரியாதையில்லாத பழக்கம். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது என் கையைப் பிடித்தால் நான் இலேசில் விடுவதில்லை. சித்தாண்டித் திருவிழாவில் ஒருத்தியின் கையை அப்படிப் பிடித்து அமத்தினேன். "ஆ" என்று இழுத்துக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். காய்ச்சலின் மிச்சம் என்றாள். அடுத்த கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளும் இப்போது கிழமை மாத்திரை போடுகிறாள், வலை பின்னுகிறாள். நீங்கள் பிடித்த பிள்ளைகளோடு அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு எட்டாது. எட்டுகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாளைக் காலை எழும்பியதும், ஒரு கையால் மற்றக் கையில் விரல்கள் தொடங்கும் நான்கு மொளிகளையும் குறுக்காகச் சேர்த்துப் பிடித்து, மெதுவாக அமத்திப் பாருங்கள். நொந்தால், அந்தக் கிழமையே டொக்டரிடம் போய்க் கையைக் காட்டுங்கள்.